கத்தோலிக்க வீட்டுக்கு மருமகளாகப் போகிறேன்; ஞாயிறு பூசையைத் தவிர பங்கில் என்னதான் நடக்கும்?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். நாகர்கோவில் பக்கம் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழப் போகிறீர்கள், மதம் மாறும் எண்ணம் இல்லை, ஆனால் அந்த வீட்டில் எதற்கெடுத்தாலும் "பங்கில கேக்கணும்" (பங்கு என்றால் ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்த ஊர்ச் சபை), "இன்னைக்கு அன்பியம் இருக்கு" என்கிறார்கள், அது என்ன என்பது ஒன்று. அதில் உங்களுக்கு இடம் இருக்குமா என்பது இன்னொன்று. நானும் அதே மாவட்டம்தான். கோட்டாறு மறைமாவட்டத்தில், அதாவது ஓர் ஆயரின் (பிஷப்பின்) கீழ் உள்ள பல பங்குகளின் தொகுப்பில், ஒரு பங்கில் பிறந்து வளர்ந்தவள், இப்போது எங்கள் தெரு அன்பியத்துக்குச் செயலாளர். அதனால் உள்ளே இருந்தே சொல்கிறேன்.

அன்பியத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் முதலில் சந்திக்கப் போவது சாமியாரை, அதாவது பங்கை நடத்தும் குருவான பங்குத்தந்தையை இல்லை, அன்பியத்து ஆட்களைத்தான். ஒரு பங்கை முப்பது நாற்பது வீடுகள் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதரின் பெயர் வைத்திருப்பார்கள். வாரம் ஒரு முறையோ பதினைந்து நாளுக்கு ஒரு முறையோ, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், ஏதாவது ஒரு வீட்டில் கூடுவோம். ஒரு பாட்டு, விவிலியத்திலிருந்து ஒரு பகுதி, அதைப் பற்றி யாருக்கு என்ன தோன்றுகிறதோ அது. பள்ளிக்கூடம் பார்க்காத பாட்டி சொல்லும் விளக்கம் சில நாள் ஞாயிற்றுக்கிழமை சாமியார் செய்யும் மறையுரையைவிட (பிரசங்கத்தைவிட) நெஞ்சில் நிற்கும், இதை நான் மரியாதையோடுதான் சொல்கிறேன். அது முடிந்ததும் தெருக் கதை. யார் வீட்டில் ஆபரேஷன், எந்தப் பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட முடியவில்லை, பஞ்சாயத்தில் சாக்கடை மனு என்ன ஆனது, குடித்துவிட்டு அடிக்கிறவனிடம் யார் போய்ப் பேசுவது. செபமும் சாக்கடையும் ஒரே கூட்டத்தில் வருவது வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு விசித்திரமாக இருக்கலாம், எங்களுக்கு அதுதான் இயல்பு.

ஆனால் இந்த அமைப்பு எதற்காக இருக்கிறது என்பது ஒரு வீட்டில் சாவு விழும்போதுதான் முழுதாகத் தெரியும். கோயில் மணி துக்க மணியாக அடிக்கும், கேட்கிறவர்கள் வாசலுக்கு வந்து "யாரு?" என்று கேட்பார்கள். அரை மணி நேரத்துக்குள் அன்பியத்துப் பெண்கள் அந்த வீட்டில் இருப்பார்கள். ஒருத்தி அடுப்பைப் பார்த்துக்கொள்வாள், ஒருத்தி வெளியூர்ச் சொந்தத்துக்குப் போன் போடுவாள், இன்னொருத்தி செபமாலையைத் தொடங்கி வைப்பாள், இரவு முழுக்க முறை வைத்துச் சொல்லிக்கொண்டே இருப்போம். பையன்கள் பந்தல், நாற்காலி, கல்லறைத் தோட்டத்தில் குழி. பாடகர் குழு ஆர்மோனியத்தோடு வீட்டுக்கே வரும். சாமியார் வந்து மந்திரித்து (செபம் சொல்லி ஆசீர்வதித்து), சிலுவை முன்னால் போக, கோயிலில் பூசை முடிந்து அடக்கம் ஆகும்வரை அந்தக் குடும்பம் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகும் ஏழாம் நாள் செபம், முப்பதாம் நாள் பூசை என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள், தனியாக விடமாட்டார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று வந்து பாருங்கள், வெள்ளையடித்த கல்லறைகளில் பூவும் மெழுகுதிரியும் வைத்துவிட்டு, யாருமே வராத பழைய கல்லறைக்கும் ஒரு திரி ஏற்றிவிட்டுப் போகிறவர்கள் எத்தனையோ பேர். என்னைக் கேட்டால் பங்கு என்பது இதுதான், மீதியெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

சரி, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் ஒரு பூசை, கொஞ்சம் கழித்து இன்னொன்று, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு. இதிலும் அன்பியங்கள் முறை வைத்துத்தான் வேலை செய்கின்றன, இந்த வாரம் வாசகம், மன்றாட்டு, காணிக்கைப் பவனி, கோயில் பெருக்குவது எல்லாம் ஓர் அன்பியம் என்றால் அடுத்த வாரம் அடுத்தது. பூசை தொடங்குவதற்கு முன்னால் இன்றைய கருத்துகள் என்று ஒரு பட்டியல் வாசிப்பார்கள்: இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, இன்னாருடைய மகளின் சுகப்பிரசவத்துக்காக. பங்கு அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவை. ஊர்ச் செய்தி பாதி அதிலேயே தெரிந்துவிடும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத் தரையில் உட்காருவதும், குத்துவிளக்கும், ஆரத்தியும், சமாதானம் சொல்லும்போது கைகூப்புவதும் உங்களுக்குப் பழக்கமானதாகவே இருக்கும். உலக ஆயர்கள் ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது, அதற்குமுன் பூசை இலத்தீனில்தான். 1969-இல் ரோம் இந்திய வழிபாட்டுக்கு 12 அம்சங்களை அனுமதித்தபோது இந்த மாதிரிப் பல வழக்கங்கள் முறைப்படி உள்ளே வந்தன. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இலத்தீன் பாட்டை அர்த்தம் தெரியாமலே மனப்பாடமாகப் பாடியவர்கள், கடைசிவரை மறக்கவில்லை.

பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பமான நற்கருணையை வாங்க எல்லோரும் வரிசையில் போவார்கள். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாதவர்கள் வாங்குவதில்லை, நீங்கள் இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம், யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

திருவிழாவைப் பற்றி எழுதினால் தனிப் பதிலாகிவிடும். கொடியேற்றத்திலிருந்து பத்து நாள், ஒவ்வொரு நாளையும் ஓர் அன்பியமோ, பங்கில் உள்ள பக்திச் சபை ஒன்றோ ஏற்று நடத்தும், கடைசியில் தேர். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவைக் கட்டாயம் பாருங்கள், நவம்பர் 24-இல் தொடங்கி டிசம்பர் 3 வரை, கடைசி நாள் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. தேரில் உப்பும் மிளகும் போடுகிறவர்கள், தேருக்குப் பின்னால் தெருவில் உருண்டு வருகிறவர்கள், நேர்ச்சைக்கு வந்த இந்துக் குடும்பங்கள், எல்லையைத் தாண்டி வந்த மலையாளிகளுக்காக மலையாளத்தில் ஒரு பூசை. உங்கள் அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாம். யார் எந்த மதம் என்று அந்தக் கூட்டத்தில் பிரித்துச் சொல்லவே முடியாது.

இப்போது நிர்வாகம். இதை யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள், ஆனால் வீட்டுச் சண்டைகளில் பாதி இதிலிருந்துதான் வரும். அன்பியங்களும் சபைகளும் தேர்ந்தெடுக்கும் ஆட்களைக் கொண்டது பங்குப் பேரவை, தலைவர் பங்குத்தந்தை. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு, முடிவு சாமியாருடையது. நிதிக்குழு மட்டும் ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருக்க வேண்டும். ஆக, நல்ல சாமியார் வந்தால் பேரவைக்கு உயிர் இருக்கும், கணக்கு மக்கள் முன்னால் வாசிக்கப்படும். எல்லாம் எனக்குத் தெரியும் என்கிற ஒருவர் வந்தால் அவர் மாற்றலாகிப் போகும்வரை ஊர் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். சில வருடத்துக்கு ஒரு முறை ஆயர் அவர்களை மாற்றிக்கொண்டே இருப்பார், மக்கள் அங்கேயேதான் இருக்கிறோம். இதனால்தான் அன்பியம் வலுவாக இருக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். குடும்ப வரி இருக்கிறது, அது நியாயமானதே, கோயிலுக்குக் கரண்ட் பில் கட்ட வேண்டும், சாமியாருக்கு உதவியாக மறைக்கல்வி சொல்லும் உபதேசியாருக்கும், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளைக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆனால் வரி பாக்கி இருக்கிறது என்று, கல்யாணத்துக்குப் பங்கு தரவேண்டிய கடிதத்தைக் கொடுக்காமல் ஒரு குடும்பத்தை அலைய வைத்ததை ஒரு பங்கில் நேரில் பார்த்திருக்கிறேன். கூலி வேலை பார்க்கும் அப்பா, அலுவலக வாசலில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் அன்பியத்து ஆட்கள் பிரித்துக் கட்டினார்கள். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை, அடங்கவும் கூடாது. வாணவேடிக்கைக்கு லட்சக்கணக்கில் செலவு செய்கிற ஊரில் இது நடக்கலாமா?

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டும், சாதி. நம் மாவட்டத்தில் கடற்கரைப் பங்குகளும் உள்நாட்டுப் பங்குகளும் பெரும்பாலும் தனித்தனிச் சாதிகளாகவே இருப்பதை வந்த சில மாதங்களில் கவனித்துவிடுவீர்கள். இது புதிதும் இல்லை. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயிலுக்குள்ளேயே சாதியைப் பிரிக்கும் சுவர் இருந்தது, 1910-இல்தான் இடித்தார்கள். அதே வடக்கன்குளத்தில்தான் 1745-இல், இந்துவாக இருந்து கிறிஸ்தவரான தேவசகாயம் திருமுழுக்குப் பெற்றார், எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார், 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், கோட்டாறு சவேரியார் கோயிலில்தான் அடக்கம். 2022 மே 15-இல் அவரைப் புனிதராக அறிவித்தபோது பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை வத்திக்கான் எடுத்துவிட்டது. எனக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டு, அது மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் செத்தது 2008-இல்தான், அப்படி ஒன்றும் பழைய காலம் இல்லை. தலித் கிறிஸ்தவர்கள் திருச்சபைக்குள்ளே பாகுபாட்டை அனுபவிக்கிறார்கள் என்று இந்திய ஆயர்களே 2016-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஒத்துக்கொண்டார்கள். ஒரே அப்பத்தைப் பகிர்ந்துவிட்டு வெளியே வந்ததும் தனித்தனியாகப் பிரிந்து போகிற கூட்டத்தை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன், என் அன்பியத்தில் இதைப் பேசாமல் விட்டதும் இல்லை. உங்கள் புகுந்த வீட்டிலேயே இந்தப் பேச்சு வரலாம். வந்தால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

இவ்வளவு குறையோடும் நான் ஏன் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், 2004-ஐயும் 2017-ஐயும் பார்த்தவள் நான். சுனாமி வந்த டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று எங்கள் கரை முழுக்கச் சாவு. அன்று உள்நாட்டுப் பங்குகளின் பள்ளிக்கூடங்களும் மண்டபங்களும் கடற்கரை மக்களுக்குத் திறந்தன, வீட்டு அடுப்பில் சமைத்து வண்டியில் ஏற்றி அனுப்பினோம். 2017-இல் ஒக்கிப் புயலின்போது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்பதில் அரசு ஒரு எண்ணிக்கை சொல்ல ஊர் வேறு எண்ணிக்கை சொன்னது. பங்குகளும் மீனவர் அமைப்புகளும் வீடு வீடாகப் போய், எந்தப் படகு, யார் யார் ஏறினார்கள் என்று நோட்டில் பெயர் பெயராக எழுதின. டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கில் மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது சாமியார்களும் கன்னியாஸ்திரிகளும் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். காணாமல் போனவர்களின் பெயர்கள் அழிந்துபோகாமல் இருந்ததற்கு அந்த நோட்டுகள் ஒரு முக்கியக் காரணம். வீடு வீடாக ஆட்களைத் தெரிந்து வைத்திருக்கிற பழக்கம் ஏற்கெனவே இருந்ததால்தான் அது சாத்தியமானது.

இனி உங்கள் விஷயம். கல்யாணத்துக்கு நீங்கள் மாற வேண்டும் என்று யாராவது சொன்னால் அது சட்டம் இல்லை. திருமுழுக்குப் பெறாதவரைக் கத்தோலிக்கர் மணக்க ஆயரின் அனுமதி வேண்டும், பங்குத்தந்தை வழியாக மனு கொடுத்தால் கிடைக்கும். உங்கள் வருங்காலக் கணவர்தான் தன் நம்பிக்கையைக் காப்பதாகவும், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்து வளர்க்கத் தன்னால் ஆன முயற்சியைச் செய்வதாகவும் வாக்குக் கொடுக்க வேண்டும். அவர் அப்படிக் கொடுத்திருக்கிறார் என்பதை உங்களுக்குத் தெரிவிப்பார்கள், உங்களிடம் எந்த வாக்குறுதியும் வாங்கமாட்டார்கள். ஆகவே பிள்ளைகளைப் பற்றி நீங்கள் இருவரும் இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள், தொட்டில் கட்டிய பிறகு பேசினால் இரண்டு குடும்பமும் உள்ளே வந்துவிடும். திருமணத் தயாரிப்பு வகுப்புக்கு இருவரும் போக வேண்டியிருக்கும். கோயிலில் ஓலை வாசிப்பார்கள், அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் அறிவிப்பது.

இடம் இருக்குமா என்று கேட்டீர்களே, எங்கள் அன்பியத்திலேயே உங்களைப் போல வந்த ஒரு மருமகள் இருக்கிறார். நெற்றியில் குங்குமம், கையில் செபமாலை இல்லை, ஆனால் ஆஸ்பத்திரியில் யாருக்காவது ரத்தம் வேண்டும் என்றால் முதல் போன் அவருக்குத்தான் போகும். கிசுகிசு இல்லவே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், இரண்டு பெரியம்மாக்கள் "எப்போம்மா ஞானஸ்நானம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், வற்புறுத்தினால் அன்பியத் தலைவியிடமோ பங்குத்தந்தையிடமோ நேராகச் சொல்லுங்கள்.

கல்யாணம் ஆனதும் முதல் அன்பியக் கூட்டம் எப்போது, யார் வீட்டில் என்று மாமியாரிடம் கேட்டு அவரோடு போங்கள். செபம் தெரியவில்லை என்றால் சும்மா உட்கார்ந்திருக்கலாம், வாசகத்தைப் படிக்கச் சொன்னால் படிக்கலாம், தமிழ்தானே. உங்கள் வீட்டு முறை வரும்போது எல்லோருக்கும் கட்டங்காப்பியும் சுண்டலும் போதும், அதற்கு மேல் செய்யாதீர்கள், அடுத்த வீட்டுக்காரருக்குச் சுமையாகிவிடும்.