மேல்வீட்டு நாயும் நம் வீட்டுக் கோழியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சரிவில் வீடு. பத்து நாட்டுக்கோழி வைத்திருக்கிறோம். சுற்றிலும் கோழிவலை அடித்தும் மேல்வீட்டு நாய் அடிக்கடி புகுந்து ஒன்றிரண்டைக் கடித்துப் போட்டுவிடுகிறது. வேலியை உயர்த்தினால் போதுமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: உயரத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் அடியைப் பாருங்கள். நாய் பெரும்பாலும் வலை ஓரத்தில் மண்ணைப் பறித்து நுழையும். முடியாவிட்டால் வலையைக் கிழிக்கும். கடையில் கோழிவலை என்று தரும் அறுகோணக் கண் வலை, கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும். கம்பி மெல்லியது. ஒரு கண் அறுந்தால் முறுக்கு அவிழ்ந்து அடுத்ததும் விட்டுவிடும். மூடுபனியில் துருவும் சீக்கிரம் பிடிக்கும்.

பத்துக் கோழிக்குப் பகலில் திரிய 10க்கு 10 அடி அடைப்பு போதும். நாயின் வாயும் காலும் எட்டுகிற கீழ் 4 அடிக்கு வெல்டட் மெஷ் (சந்திகளைப் பற்றவைத்த கம்பிவலை) போடுங்கள்: 1 அங்குலக் கண், 14 கேஜ் கம்பி, துத்தநாகம் பூசியது. அதற்கு மேல் 2 அடிக்கு உங்கள் பழைய கோழிவலையே போதும். 8 அடிக் கம்பம் ஒன்பது வேண்டும். 2 அடி மண்ணுக்குள், 6 அடி வெளியே. கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) சீகையோ (வாட்டில்) போட்டால் மண்ணுக்குள் போகும் பகுதிக்குத் தார் பூசுங்கள். மெஷ்ஷை கம்பத்தின் வெளிப்பக்கம் வைத்து யு ஆணி அடிக்க வேண்டும். உள்பக்கம் அடித்தால் நாய் முட்டும்போது ஆணி பிடுங்கிக்கொள்ளும். வெளிப்பக்கம் இருந்தால் மெஷ் கம்பத்தின் மேலேயே சாயும்.

அடுத்ததுதான் முக்கியம். 2 அடி அகல மெஷ்ஷை வேலிக்கு வெளியே தரையோடு தரையாகப் படுக்க வைத்து, வேலி மெஷ்ஷோடு அரை அடிக்கு ஒரு முடிச்சாகக் கட்டுக்கம்பியால் கட்டிவிடுங்கள். நாய் வேலி ஓரத்தில்தான் பறிக்கும். அங்கே கம்பி இருந்தால் இரண்டடி பின்னால் போய்ப் பறிக்க வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. மேலே கல் வைத்து விட்டுவிட்டால் புல் முளைத்துத் தானே பிடித்துக்கொள்ளும். நாலு மூலையிலும் இடைவெளி விழும். 2க்கு 2 அடித் துண்டு நாலு வெட்டிப் போடுங்கள். 4 அடி அகல ரோலில் வேலிக்கு 40 அடி, தரைக்கு நீளவாக்கில் இரண்டாக வெட்டிப் போட 20, மூலைக்கு 4. ஒட்டு, சேதாரம் சேர்த்து 70 அடி வாங்கினால் சரியாக இருக்கும்.

கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். நாய் தள்ளினால் நிலையில் போய் இறுகுமே தவிரத் திறக்காது. மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒன்று. கதவுக்கு அடியில் ஓர் அடி அகலக் கல் பதிக்க மறந்துவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

இனி, சரிவில் மட்டும் வரும் சங்கதி. வேலி உயரத்தைக் கோழி நிற்கும் தரையிலிருந்து அளந்தால் ஏமாந்துபோவோம். மேட்டில் நாய் நிற்கும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். 6 அடி வேலிக்குப் பக்கத்திலேயே 4 அடி உயரத்தில் மேல் தட்டு (சரிவில் வெட்டிய படிநிலம்) இருந்தால், நாய்க்கு அது 2 அடி வேலிதான். அடைப்புக்கு மேலே போட்ட கூரைமேல் நேராகக் குதிக்கும். நைலான் வலைக் கூரை அதன் எடையில் தொய்ந்து கிழியும். மேட்டுப்பக்கக் கூரையில் முதல் 4 அடிக்காவது தகரமோ வெல்டட் மெஷ்ஷோ போடுங்கள். அதே பக்கம் ஓர் அடி ஆழ வாய்க்காலும் வெட்டித் தண்ணீரைச் சுற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளத்துப்பக்க மண் அரித்து, மெஷ்ஷுக்கு அடியில் நாமே வழி வெட்டிக் கொடுத்தது போல ஆகிவிடும்.

கேள்வி: ஒரே இரவில் ஐந்து கோழி செத்துக் கிடந்தன. பக்கத்து வீட்டு அண்ணன், "எங்க நாய் இல்ல, சிறுத்தையா இருக்கும்" என்று சாதிக்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? போலீஸில் புகார் கொடுக்கலாமா?
– வாசகர், கூடலூர்

பதில்: செத்த கோழிகளே சாட்சி. பல கோழிகள் அங்கங்கே சிதறி, முதுகிலும் தொடையிலும் கடிபட்டு, தின்னப்படாமல் கிடந்தால் நாய் மீதே முதல் சந்தேகம். படபடவென்று சிறகடிப்பதைத் துரத்துவது அதற்கு ஒரு வெறி. பசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தலையும் கழுத்தும் கடிபட்டு, சிறிய சந்து வழியாக வந்த தடம் இருந்தால் கீரியோ மரநாயோ. சிறுத்தை பொதுவாகக் கவ்விக்கொண்டு போய்விடும். தடத்தையும் பாருங்கள்: நாயின் தடத்தில் நகம் பதியும், சிறுத்தை நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் பதியாது. கூட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குச் சலித்த ஈரமண்ணைப் பரப்பிவிட்டால் காலையில் தெரிந்துவிடும். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து, அளவு தெரியும்படி படம் எடுங்கள். நகமில்லாத பெரிய தடம் என்றால் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். செத்த கோழியைத் தோட்டத்து ஓரத்தில் வீசாமல் ஆழமாகப் புதையுங்கள்.

போலீஸ் புகார் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291ஆம் பிரிவு, வளர்ப்பு விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாதவரைத் தண்டிக்கிறது. கோழிக்கு அது நேராகப் பொருந்தாது. படத்தைக் காட்டி, ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு கோழி விலையைப் பேசி வாங்குவதே நடக்கிற காரியம்.

கேள்வி: கோழி கடிக்கும் நாய்க்குக் கறியில் குருணை மருந்து (பூச்சிக்கொல்லி) கலந்து வைக்கலாம் என்கிறான் என் தம்பி. செய்யலாமா?
– வாசகர், மசினகுடி

பதில்: கூடவே கூடாது. விலங்கை விஷம் வைத்துக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. அதோடு, மாயாறு பக்கம் மிஞ்சியிருக்கும் பாறுக் கழுகுகள் அந்தச் சடலத்தைத் தின்றால் அவையும் சாகும். சுருக்குக் கம்பியும், வீட்டு மின்சாரத்தை வேலிக்குக் கொடுப்பதும் இதே வகைதான்.

கேள்வி: கோழி கடிப்பது எங்கள் நாய்தான், ஒப்புக்கொள்கிறேன். கட்டினால் இரவில் சிறுத்தை தூக்கிவிடுமோ என்று பயம், அவிழ்த்தால் சண்டை.
– வாசகர், தாண்டிக்குடி

பதில்: உங்கள் பயம் நியாயமானதே. இரவில் வெளியே கட்டப்பட்ட நாய்க்கு ஓடவும் வழியில்லை. ஆகவே இரவு வீட்டுக்குள், அல்லது மேலேயும் மூடிய கூண்டில். பகலுக்கு ஓட்டக் கம்பி கட்டுங்கள். 30 அடி இடைவெளியில் இரண்டு மரம், 7 அடி உயரத்தில் 4 மி.மீ. இரும்புக் கயிறு, அதில் ஒரு வளையம், வளையத்திலிருந்து 8 அடிச் சங்கிலி. சங்கிலியின் இரு முனையிலும் சுழல் கொக்கி இல்லையென்றால் முறுக்கிக்கொள்ளும். மரத்துக்கு 7 அடி முன்பே கயிற்றில் கிளாம்ப் போட்டு வளையத்தை நிறுத்துங்கள். அப்போதுதான் மரத்தைச் சுற்றிச் சிக்காது. இடம் சமதளமாக இருக்கட்டும். தட்டு விளிம்பு 8 அடிக்குள் இருந்தால் நாய் கீழே பாய்ந்து கழுத்தில் தொங்கிவிடும்.

அதிகாலையில் அவிழ்த்து, 9 மணிக்குக் கட்டிவிடுகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். அவர்கள் 10 மணிக்குக் கோழியைத் திறக்கட்டும். அவர்களுக்கும் லாபம்: காலை முட்டை செடிக்குள் போகாமல் கூட்டிலேயே கிடைக்கும். ஒரு வயதுக்குட்பட்ட நாயை 15 அடிக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கும் தூரத்தில் கோழியைக் காட்டி, திரும்பியதும் தீனி கொடுத்து, சிறிது சிறிதாக நெருங்கிப் பழக்கலாம். பலமுறை கடித்துப் பழகிய பெரிய நாய் உங்கள் முன்னால் அடங்கும். தனியே விட்டால் நம்புவதற்கில்லை. செத்த கோழியைக் கழுத்தில் கட்டிவிடும் வைத்தியத்தால் நாற்றம்தான் மிச்சம்.

கேள்வி: கடிபட்டு உயிரோடு இருக்கும் கோழிக்கு மஞ்சள் அப்பினால் போதுமா?
– வாசகி, பண்ணைக்காடு

பதில்: மேல் கீறலுக்குச் சரி. பல் இறங்கிய ஓட்டையில் அப்பினால் வாய் மூடி உள்ளே சீழ் கட்டும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒன்றரை டீஸ்பூன் உப்பு கலந்து, ஊசியில்லாத சிரிஞ்சால் ஓட்டைக்குள் பீய்ச்சிக் கழுவி, பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி விடுங்கள். சுற்றிலும் இறகை விலக்கிப் பாருங்கள், ஒரு கடிக்கு எதிர்ப்புறம் இன்னொரு ஓட்டை இருக்கும். அட்டைப்பெட்டியில் சாக்கு விரித்து, இருட்டாக, கதகதப்பாக வையுங்கள். பயத்திலேயே சில கோழி செத்துவிடும். ஆழமான காயத்துக்குக் கால்நடை மருத்துவரைப் பாருங்கள், கால்நடை உதவி எண் 1962க்கும் அழைக்கலாம். மருந்து கொடுத்தால் எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தோல் மூடும்வரை கூட்டத்தோடு விடாதீர்கள். சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகளே கொத்திப் பெரிதாக்கிவிடும்.