“இதில் என்ன வருமானம்?” என்று வீட்டில் கேட்கிறார்கள்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 46. திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவருடன் காவிரிக்கரைச் சிற்றூர்க் கோயில் ஒன்றுக்குப் போயிருந்தபோது, சுவரில் வரிவரியாக இருந்த பழைய எழுத்துகளை அவர் விரல் வைத்து வாசித்துக் காட்டினார். அன்று தொற்றிக்கொண்ட ஆர்வம் என்னை விடவே இல்லை. பயிற்சி வகுப்பில் சேர்ந்து கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொண்டேன். பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் கிளம்பிவிடுகிறேன். மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளியே இல்லாத அந்த வரிகளில், டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பள்ளத்தில் விழும் நிழலை வைத்து எழுத்தை அடையாளம் காண வேண்டும். சென்ற மாதம் சிதைந்துபோன ஒரு வரியில் ‘சாவா மூவாப் பேராடு’ என்ற தொடர் பிடிபட்டது. கோயிலில் நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய நெய் வேண்டும் என்பதற்காகக் கொடுக்கப்பட்ட ஆடுகள் அவை. இறந்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டிகள் வளர்ந்து மந்தையின் எண்ணிக்கை குறையாமல் நிற்கும் என்பதால் அந்தப் பெயர். பல கல்வெட்டுகளில் வரும் தொடர்தான், புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, “எல்லாம் சரி, இதுல என்ன வருமானம் வருது?” என்று மனைவி கேட்டார். யூடியூப் சேனல் தொடங்குங்கள், கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை அழைத்துப் போங்கள் என்கிறார் மைத்துனர். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டுக் கடன் தவணை ஒருமுறைகூடத் தவறியதில்லை. இருந்தும் குற்றவுணர்வு அரிக்கிறது. பணம் தராத ஒன்றுக்கு இவ்வளவு நேரம் கொடுப்பது சுயநலமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் சம்பளம் தரும் வேலைக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் கிடைத்திருக்கிறது. எழுத்துகளுக்கோ கடிதத்தின் பாதி. அந்த வேலையை இழிவாக நினைத்து நீங்கள் அப்படி எழுதவில்லை என்பது தெரிகிறது. குடும்பம் அதனால்தான் நிற்கிறது. ஆனால் மனிதருக்கு வேண்டியது அதோடு முடிந்துவிடுவதில்லை. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற இரு உளவியலாளர்கள், மனம் நலமாக இருக்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்றார்கள்: தன் விருப்பத்தின்படி ஒன்றைச் செய்வது, அதில் தன் திறன் வளர்வதை உணர்வது, பிறரோடு பிணைப்பு கொண்டிருப்பது. முதல் இரண்டும் அந்தக் கோயில் சுவரில் உங்களுக்குக் கிடைக்கின்றன. கண் கலங்கியதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதே இல்லை.

மைத்துனர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனாலும் அவசரப்பட வேண்டாம். அமெரிக்காவில் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 1973-இல் வெளியான ஓர் ஆய்வில், வரைவதை ஏற்கெனவே விரும்பிய குழந்தைகளில் சிலரிடம், பேனாவால் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள்; வரைந்ததும் கொடுத்தார்கள். சில நாள் கழித்து, எந்தப் பரிசுப் பேச்சும் இல்லாமல் அதே பேனாக்களை வைத்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். பணம் வந்தாலே ஆர்வம் செத்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பயிற்றுவித்துக் கட்டணம் வாங்குவதில் தவறும் இல்லை. ஆனால் பார்வையாளர் எண்ணிக்கைக்காக அடுத்த வாரம் எந்தக் கோயில் என்று தீர்மானிக்கத் தொடங்கினால், முதல் தேவையாகிய உங்கள் விருப்பம் கையை விட்டுப் போய்விடும். தொடங்குவதானால் உங்களுக்காகவே அந்த ஆசை வரட்டும். மனைவிக்குப் பதில் சொல்வதற்காகத் தொடங்க வேண்டாம்.

இனி மூன்றாவது தேவைக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. மனைவி அந்தக் கேள்வியை எப்போது கேட்டார் என்று பாருங்கள். ஞாயிறு முழுவதும் சமையல், துணி, பொதுத்தேர்வுப் பதற்றத்தில் இருக்கும் மகள் என்று எல்லாவற்றையும் அவர் ஒருவரே பார்த்திருப்பார். இருட்டிய பிறகு நீங்கள் மலர்ந்த முகத்தோடு உள்ளே வருகிறீர்கள். அந்த நேரத்தில் “வருமானம் என்ன” என்று கேட்பவர் உண்மையில் ரூபாய்க் கணக்கைத்தான் கேட்கிறாரா? ‘ஆறு வருடமாக என் ஞாயிறு எங்கே போயிற்று’ என்று கேட்கத் தெரியாமல்கூட அப்படிக் கேட்டிருக்கலாம். தவணை தவறாத வீட்டில் எழும் பணப்பேச்சுக்குள் பல நேரம் வேறொரு மனக்குறை இருப்பதை ஆலோசனை அறையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆனால் அவர் மனத்தை நான் இங்கிருந்து தீர்மானிக்க முடியாது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

வருகிற ஞாயிறு எங்கும் போகாமல் வீட்டில் இருங்கள். “நான் போகும் நாட்களில் உனக்கு எது கஷ்டமாக இருக்கிறது?” என்று கேளுங்கள். பதில் முடியும்வரை உங்கள் தரப்பு நியாயத்தை எடுக்காதீர்கள். மகளின் தேர்வு முடியும்வரை மாதத்தில் இரண்டு ஞாயிறு உங்களுக்கு, ஒரு ஞாயிறு முழுவதும் மனைவிக்கு, அன்று சமையலும் உங்கள் பொறுப்பு என்பது போல ஓர் ஏற்பாட்டுக்கு இருவரும் சேர்ந்து வரலாம். மகளுக்கும் மனைவிக்கும் விருப்பம் இருந்தால், தேர்வுக்குப் பிறகு ஒருநாள் அந்தச் சுவர் முன் நிறுத்தி, டார்ச்சை அவர்கள் கையில் கொடுத்து அந்த வரியைக் காட்டுங்கள். வர விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்