எழுதி அழைத்தால் உதவி வருமா?

கேள்வி: என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் வராது. வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், பகல் முழுவதும் கைக்குழந்தையுடன் தனியாக இருக்கிறாள். கைப்பேசியில் தட்டச்சு செய்யும்போதே எழுத்துகள் அவசர உதவி மையத்தைச் சென்றடையும் வசதி அமெரிக்காவில் உண்டு என்று உறவினர் ஒருவர் கூறினார். அது என்ன? இங்கே அவள் எதை நம்பலாம்?
– ஒரு வாசகி, சென்னை-42

பதில்: உங்கள் உறவினர் குறிப்பிடுவது ‘ரியல் டைம் டெக்ஸ்ட்’, சுருக்கமாக ஆர்.டி.டி. காது கேளாதோர் அங்கே நெடுங்காலம் பயன்படுத்திய டி.டி.ஒய். என்ற தட்டச்சுத் தொலைபேசி, இணையவழிக் குரல் அழைப்புகளில் சரிவர இயங்காததால், அதற்கு மாற்றாக இவ்வசதியை ஏற்று 2016 டிசம்பரில் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் விதி வகுத்தது. குறுஞ்செய்தியை எழுதி முடித்து அனுப்ப வேண்டும். அது தாமதமாகவும் போய்ச் சேரலாம். ஆர்.டி.டி.யோ ஓர் அழைப்பு. ‘குழந்தைக்கு மூச்சு’ என்பதோடு கை நின்றுவிட்டாலும் அவ்வளவும் மறுமுனையில் இருப்பவரின் திரையில் தெரிந்துவிடும். அதே அழைப்பில் குரலும் செல்லக்கூடும் என்பதால் குழந்தையின் அழுகை கூட அவர் காதில் விழலாம். ஆபத்து வேளையில் இந்த வேறுபாடு உயிர் காக்கக்கூடியது.

உங்கள் தங்கையின் கைப்பேசியில் ‘அக்சசிபிலிட்டி’ அமைப்புகளில் ஆர்.டி.டி. இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பேசியும் நெட்வொர்க்கும் மறுமுனை மையமும் மூன்றுமே ஆதரித்தால்தான் அது பயன்படும் என்பதால், இப்போதைக்கு அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் பொதுவான 112 சேவை, குரல் அழைப்போடு குறுஞ்செய்தியையும் ‘112 இந்தியா’ செயலியின் அவசரச் சமிக்ஞையையும் ஏற்கும் வகையில் அமைக்கப்பட்டது. தமிழகக் காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியிலும் அவசரப் பொத்தான் உண்டு. இரண்டையும் நிறுவி, அவள் பெயர், முகவரி, உங்கள் எண் ஆகியவற்றைப் பதிவு செய்து வையுங்கள். ஆனால், பொத்தானை அழுத்தியதும் விவரம் கேட்க மையத்திலிருந்து அழைப்பு வரக்கூடும். அதை எடுத்துப் பேச அவளால் இயலாது. ஆகவே, ‘எனக்குக் காது கேளாது, பேச இயலாது, எழுத்தில் பதில் தாருங்கள்’ என்று தொடங்கும் குறுஞ்செய்தியை இப்போதே எழுதிச் சேமித்து வையுங்கள். அடுத்த வரியில் முழு முகவரியும் இருக்கட்டும். ஒரே பெயரில் பல தெருக்கள் உள்ள சென்னையில் ‘காந்தி தெரு’ என்று மட்டும் எழுதினால் போதாது. பகுதி, அஞ்சல் குறியீட்டு எண், அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளி, பிளாக், மாடி, கதவு எண் எல்லாம் வேண்டும். என்ன நேர்ந்தது என்பதை மட்டும் அந்த நேரத்தில் அவள் சேர்த்தால் போதும். சோதித்துப் பார்ப்பதற்காக 112-க்குச் செய்தி அனுப்பாதீர்கள். உங்கள் எண்ணுக்கு அனுப்பிப் பழகட்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தகவல் தொடர்பில் அவர்களுக்குத் தடையற்ற அணுகலை வலியுறுத்துகிறது. தட்டத் தட்டப் படித்துப் பதில் தரும் அவசர சேவையைக் கேட்பது சலுகை அல்ல என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. மாற்றுத்திறனாளிகள் நல ஆணையருக்கு நீங்கள் மனு அனுப்பலாம்.

அதுவரை, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் எண்ணையும் செயலியின் அவசரத் தொடர்புகளில் சேருங்கள். வருபவர்கள் அழைப்பு மணியை அடித்தால் அவளுக்குக் கேட்காது என்பதால், மாற்றுச் சாவி ஒன்று அவரிடம் இருக்கட்டும். குடியிருப்புக் காவலாளிக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.