கத்திரி வெயிலில் பறவையும் பூச்சியும்: கேள்வி பதில்

கேள்வி (கரூர்): அக்கா, பத்து மணிக்கு மேல் எடுத்தால் படமெல்லாம் வெளுத்துப்போகிறது. என்ன செய்வது?

பதில்: பத்து மணிக்கு யார் போகச் சொன்னது? காலை ஆறிலிருந்து எட்டு, அப்புறம் மாலை ஐந்துக்கு மேல். நடுப்பகலில் கேமராவை வைத்துவிட்டு வேடிக்கை பாருங்கள். காகம் அலகைப் பிளந்தபடி நிழலில் உட்கார்ந்திருக்கும். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயையும் தொண்டையையும் திறந்து ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணிக்கின்றன.

கேள்வி (தஞ்சாவூர்): குச்சி நுனியில் ஒரு தட்டான் வாலை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அடிபட்டிருக்குமோ?

பதில்: நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. வால் நுனியைச் சூரியனுக்கு நேராக நீட்டினால் உடம்பில் வெயில் படும் இடம் குறையும். பக்கவாட்டிலிருந்து எடுங்கள். பறந்துவிட்டால் துரத்தவேண்டாம், பெரும்பாலும் அதே குச்சிக்குத்தான் திரும்பி வரும்.

கேள்வி (மதுரை): கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் மாதிரி ஒன்று. தட்டிவிடப் போனால் நகர்கிறது!

பதில்: தட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கும். சின்னதாக இருக்கும்வரை எச்ச வேஷம், வளர்ந்ததும் இலைப் பச்சை. லேசாகச் சீண்டினால் தலைக்குப் பின்னால் கவட்டை போல ஒரு கொம்பு வெளியே வரும், கூடவே ஒரு நெடி. ஒருமுறை பார்த்தால் போதும், ஓயாமல் சீண்டவேண்டாம். எங்கள் வீட்டில் ரசத்துக்கு இலை மிஞ்சுவதில்லை என்று அம்மாவோடு பெரிய சண்டை. கடைசியில் இரண்டு செடி வைத்தோம்: ஒன்று ரசத்துக்கு, ஒன்று புழுவுக்கு. படத்துக்கு போனும், அதில் மாட்டிச் சின்னதைப் பெரிதாக எடுக்கும் ஒரு கிளிப் மேக்ரோ லென்சும் போதும். காற்றில் கிளை ஆடினால், பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு துணிக் கிளிப்பால் சேர்த்துப் பிடித்துவிடுங்கள்.

கேள்வி (சேலம்): ஊதாத் தேன்சிட்டு என்கிறார்கள், என் படத்தில் கன்னங்கரேலென்று இருக்கிறதே?

பதில்: அந்த ஊதா, இறகின் அமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருவது. நிழலில் ஆண் கறுப்புதான். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்து மூடும் நேரம்) 1/1000 நொடி, அல்லது அதைவிட வேகமாக.

கேள்வி (நாகர்கோவில்): தையல்சிட்டு கூட்டை இலை விலக்கி எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தச் சிட்டு இலையோடு இலையைச் சேர்த்துத் தைப்பதே மறைவுக்காக. விலக்கினால் குஞ்சின் மேல் வெயில் அடிக்கும், காகமும் பார்த்துவிடும். நானே ஒருமுறை விலக்கினேன். மறுநாள் கூடு காலி. அந்தப் படத்தை அழித்துவிட்டேன்.

கேள்வி (திருச்சி): மாடியில் தண்ணீர் வைத்தும் ஒரு பறவைகூட வரவில்லை.

பதில்: ஆழமான வாளியா வைத்தீர்கள்? அகலமான மண்சட்டி, இரண்டு அங்குலத் தண்ணீர், நடுவில் ஒரு கல். தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசுப்புழுதான் வரும். பக்கத்தில் ஒரு காய்ந்த கிளையைச் சாய்த்து வையுங்கள். சின்னான் (புல்புல் பறவை) நேரே தண்ணீருக்கு வராது, முதலில் கிளையில் உட்கார்ந்து நோட்டம் பார்க்கும். ஃபோகஸை அந்தக் கிளையில் வைத்துவிட்டு நீங்கள் கதவுக்குப் பின்னால் போய்விடுங்கள்.