தேதியை உறுதி செய்யும் முன் தெருவைக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் கால்பந்து கிளப்பின் மைதானம் போட்டிப் பருவம் முடிந்ததும் சும்மா கிடக்கிறது. இந்தக் கோடையில் அங்கே மூன்று பெரிய இசைக் கச்சேரிகள் நடத்த நிர்வாகம் விரும்புகிறது. மைதானத்தின் மூன்று பக்கமும் வீடுகள். போட்டி நாள் கூட்டத்துக்குப் பழகியவர்களிடம் கச்சேரிக்கென்று தனியாகக் கருத்துக் கேட்க வேண்டுமா? கேட்பதென்றால் எப்போது, எப்படி?

பதில்: ‘பழகியவர்கள்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். இந்த விஷயத்தில் வரும் தகராறுகளில் பாதி அந்த நினைப்பில்தான் முளைக்கின்றன.

போட்டி நாளின் சத்தம் எழும்பும், அடங்கும். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். கச்சேரி அப்படியல்ல. மேடைக்கான இரும்புச் சட்டங்களோடு லாரிகள் பல நாட்களுக்கு முன்பே வரத் தொடங்கும். புல்தரையின் மேல் பலகை விரிப்பார்கள். கிரேன் நிற்கும். நிகழ்ச்சி நாளன்று மதியமே ஒலிப் பரிசோதனை தொடங்கும். பாட்டு முடிந்த அரை மணி நேரத்தில் பிரிக்கும் வேலை ஆரம்பித்து விடியும்வரை நடக்கும், ஏனென்றால் அதே மேடை அடுத்த ஊருக்குப் போக வேண்டும். உங்களுக்கு ஓர் இரவு. எதிர் வீட்டுக்காரருக்கு ஒரு வாரம். வரும் கூட்டமும் வேறு. போட்டி ரசிகர்களுக்கு எந்தச் சந்தில் நுழைந்தால் ரயில் நிலையம் என்று தெரியும். கச்சேரிக்கு வருபவர்களில் பலர் அந்த இடத்தை முதன்முறையாகப் பார்ப்பவர்கள். ஆடுகளத்திலும் ஆட்கள் நிற்பதால் எண்ணிக்கை கூடும். இரவு வெகுநேரம் கழித்து எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். எனவே தனியாகத்தான் கேட்க வேண்டும்.

எப்போது என்பதே முக்கியமான கேள்வி. கலைஞருடன் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன், டிக்கெட் விற்பனை தொடங்குவதற்கு வெகு முன். தேதியும் எண்ணிக்கையும் இன்னும் மாறக்கூடிய நிலையில் கேட்டால்தான் அதற்குப் பெயர் ஆலோசனை. அதன் பிறகு செய்வது அறிவிப்பு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மக்களுக்கு நன்றாகவே புரியும்.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் உள்ள குரோக் பார்க் மைதானத்தில் 2014-இல் நடந்ததை உங்கள் நிர்வாகக் குழு ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பாடகர் கார்த் புரூக்ஸின் ஐந்து கச்சேரிகளுக்கு ஏறத்தாழ 4 லட்சம் டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்தன. அந்த ஆண்டு அங்கே ஏற்கெனவே மூன்று கச்சேரிகள் நடந்திருந்தன. ஆண்டுக்கு மூன்றுதான் என்று சொல்லப்பட்டதை நம்பியிருந்த சுற்றுவட்டாரக் குடியிருப்போர் எதிர்த்தார்கள். மாநகராட்சி ஐந்தில் மூன்றுக்கு மட்டும் அனுமதி தந்தது. நடந்தால் ஐந்தும், இல்லையேல் ஒன்றும் வேண்டாம் என்றார் கலைஞர். ஐந்தும் ரத்தாயின. அதே கலைஞர் 2022-இல் அதே மைதானத்தில் ஐந்து கச்சேரிகள் நடத்தினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை மட்டுமே தடையாக இருக்கவில்லை என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பணம் கொட்டினால் ஒலி அடங்கிவிடும் என்று எண்ணுபவர்களுக்கு மாட்ரிட் ஓர் எச்சரிக்கை. பெரும் செலவில் புதுப்பிக்கப்பட்டு, மூடித் திறக்கும் கூரையும் பெற்ற, ரியல் மாட்ரிட் கால்பந்து கிளப்பின் சாந்தியாகோ பெர்னபேயு அரங்கில் 2024-இல் கச்சேரிகள் தொடங்கின. குடியிருப்போரின் புகார்கள் வலுத்து வழக்கு வரை போயின. அந்தச் செப்டம்பரிலேயே கிளப் கச்சேரிகளை நிறுத்திவைக்க நேர்ந்தது.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், குடியிருப்போர் கூட்டத்தில் உங்களை மடக்கப்போவது இதுதான். பிரிட்டனில் 1995-இல் வெளியான கச்சேரி ஒலி நெறிமுறை, ஆண்டுக்கு மூன்று நாட்கள்வரை கச்சேரி நடக்கும் நகர்ப்புற மைதானங்களுக்கு, அருகிலுள்ள வீட்டின் முகப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 15 நிமிட சராசரி 75 டெசிபலைத் தாண்டக்கூடாது என்றது. உங்கள் ஊரின் விதி வேறாக இருக்கலாம். அதுவே உங்களைக் கட்டுப்படுத்தும். ஆனால் எந்த வரம்பானாலும் ஒரு குறை உண்டு. வழக்கமான டெசிபல் அளவு மனிதக் காதின் உணர்திறனுக்கு ஏற்பத் திருத்தி எடுக்கப்படுவது. தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே காட்டும். மக்களைத் தூங்கவிடாமல் செய்வதோ அந்தத் தாழ்ந்த பேஸ் ஒலிதான். 63 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஐந்து மீட்டருக்கு மேல். சுவரையும் சன்னலையும் அது பெரிதாகப் பொருட்படுத்தாது. ஒலி அளக்கும் கருவி வரம்புக்குள் நிற்கும்; அலமாரியில் பாத்திரம் அதிரும். ஆகவே தாழ் அதிர்வெண்ணுக்குத் தனி வரம்பு வைப்பதாக நீங்களாகவே முன்வந்து சொல்லுங்கள்.

காற்று வீசும் திசையில் உள்ள தெருவுக்கு ஒலி கூடுதலாகப் போகும். வெயில் இறங்கித் தரை சீக்கிரம் குளிரும் தெளிந்த இரவுகளில், மேலே போக வேண்டிய ஒலி வளைந்து கீழே இறங்கும். பகலில் அளந்த கணக்கை வைத்துக்கொண்டு இரவுக்கு வாக்குறுதி கொடுக்காதீர்கள். மேடை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், ஒலிபெருக்கிகளை எவ்வளவு கீழ்நோக்கிச் சாய்க்கலாம், முன்னால் உரக்க ஒலிப்பதற்குப் பதில் களத்தின் நடுவில் துணை ஒலிபெருக்கிக் கோபுரங்கள் வைக்கலாமா என்பதை ஒலியியல் பொறியாளரிடம் முதலிலேயே கேளுங்கள். பரிசோதனை ஒலி எழுப்பும்போது நான்கைந்து குடியிருப்போரை அழைத்து, அவர்கள் வீட்டுக்குள்ளேயே பொறியாளரோடு உட்காரவையுங்கள். நான் கண்டவற்றில் இதைவிட நம்பிக்கை வளர்க்கும் செயல் வேறில்லை.

ஆயிரக்கணக்கானோர் ஒரே தாளத்தில் குதிப்பதையும் கணக்கில் எடுங்கள். சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் உள்ள உல்லேவி மைதானம் களிமண் நிலத்தில் நிற்கிறது. 1985-இல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கச்சேரியின்போது ரசிகர்களின் குதிப்பில் அந்த மண்ணே அதிர்ந்து அரங்கத்துக்குச் சேதம் ஏற்பட்டது. கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கை இல்லாமல் ரசிகர்களை உள்ளே விடாதீர்கள்.

இனி, எப்படிக் கேட்பது. மாலை ஏழு மணிக்கு ஒரே ஒரு கூட்டம் வைத்தால் வழக்கமாகப் பேசும் பத்துப் பேர் வருவார்கள். இரவுப் பணிக்குப் போகும் செவிலியர், கைக்குழந்தை வைத்திருப்பவர், வாடகைக்குக் குடியிருப்பவர், படுக்கையில் இருக்கும் முதியவரைப் பார்த்துக்கொள்பவர் வரமாட்டார்கள். அவர்கள் வீட்டுக் கதவை நீங்கள்தான் தட்ட வேண்டும். கிளப்பின் விளம்பரப் பிரிவை அனுப்பாதீர்கள். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் போகட்டும்.

போகும்போது உண்மையான தெரிவுகளை எடுத்துச் செல்லுங்கள். உதாரணமாக, மூன்று கச்சேரிகளையும் அடுத்தடுத்த இரவுகளில் வைத்தால் மேடை கட்டும் தொல்லை ஒருமுறைதான், ஆனால் மூன்று இரவு தூக்கம் போகும். பிரித்து வைத்தால் ஓய்வு கிடைக்கும், ஆனால் லாரிகள் மும்முறை வரும். எது மேல் என்பதை அங்கே வாழ்பவர்கள்தான் சொல்ல முடியும். முடிக்கும் நேரம், தெருக்களை மூடும் நேரம், குடியிருப்போர் வாகனங்களுக்கான அனுமதிச் சீட்டு, கழிப்பறைகளின் எண்ணிக்கை, மறுநாள் காலை எத்தனை மணிக்குள் குப்பை அள்ளப்படும் என்பவற்றையும் அப்படியே அவர்கள் முன் வையுங்கள். இலவச டிக்கெட்டைக் கடைசியில் கொடுங்கள். அதை முதலில் நீட்டினால் வாயை அடைக்க வந்ததாகத்தான் தோன்றும், அப்படித் தோன்றுவதில் நியாயமும் உண்டு.

பிறகு ஒரு பக்க அளவில் எழுதிக் கொடுங்கள்: நீங்கள் கேட்டவை, நாங்கள் மாற்றியவை, மாற்ற முடியாதவை, அதற்கான காரணம். மூன்றாவது பகுதியை மறைக்காதீர்கள்.

நிகழ்ச்சி இரவுக்கென்று ஒரு தொலைபேசி எண் வேண்டும். எடுப்பவர் ஒலிக் கட்டுப்பாட்டு மேசையோடு நேரடித் தொடர்பில் இருக்க வேண்டும். அழைப்பு வந்த தெருவுக்கு அளவுக் கருவியோடு ஆள் போக வேண்டும். என்ன செய்யப்பட்டது என்று அழைத்தவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒலிப் பரிசோதனை நடக்கும் மதியம் அந்த எண்ணுக்கு நீங்களே ஒருமுறை பெயர் சொல்லாமல் அழைத்து, எத்தனையாவது மணியடிப்பில் எடுக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.