சின்ன ஸ்பேர் டயரில் கே.எல் வரைக்குமா? வேண்டாம் தம்பி

முன் டயர் வெடிச்சு சின்ன ஸ்பேர் மாட்டியிருக்கீங்க, நாளைக்கு அதிலேயே சுங்கை சிப்புட்டிலிருந்து கே.எல் (கோலாலம்பூர்) போகலாமான்னு கேட்டீங்க. தயவுசெஞ்சு போகாதீங்க.

டார்ச் அடிச்சு டயர் பக்கத்தைப் பாருங்க. ‘டெம்பரரி யூஸ் ஒன்லி’ன்னும், 420 கேபிஏ, அதாவது 60 பிஎஸ்ஐ காத்து அடிக்கணும்னும் இருக்கும். இந்த டயர்ல மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. ஹைவேயில 110-ல வர்ற காடிகளுக்கு நடுவுல நீங்க என்ன செய்வீங்க?

என் காடி பூட்ல வருஷக்கணக்கா கிடந்த ஸ்பேர்ல பாதிக் காத்துகூட இல்ல. முதல்ல பெட்ரோல் ஸ்டேஷன்ல அளந்து பாருங்க. முன்சக்கரம் இழுக்கிற காடின்னா, பின் டயரை முன்னுக்கு மாத்தி ஸ்பேரைப் பின்னால போடுங்க. மெதுவா டவுன் டயர் கடைக்குப் போங்க.