தலைத்தோல் ஃப்ளாப் அறுவைக்குப் பிறகு வரும் சிக்கல்கள்: கேள்வி பதில்

விபத்து, தீக்காயம், தோல் புற்று என்று ஏதோ ஒரு காரணத்தால் தலையில் தோல் இல்லாமல் போகிறது. பக்கத்துத் தோலையோ, உடம்பின் வேறு இடத்துத் தோலையும் தசையையுமோ ரத்த ஓட்டத்தோடு கொண்டுவந்து அந்த இடத்தை மூடுவதுதான் ஃப்ளாப். பல வருடங்களாக பிளாஸ்டிக் சர்ஜனாக இந்த அறுவையைச் செய்துவருகிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு உச்சந்தலையில் புற்றுக்கட்டியை எடுத்துவிட்டு, பக்கத்துத் தோலையே திருப்பி மூடியிருக்கிறார்கள். இன்று நான்காம் நாள். நுனியில் மட்டும் ஒரு விரல்நக அளவுக்குக் கறுத்திருக்கிறது. முழுசும் போய்விடுமா டாக்டர்?

முழுசும் போய்விடும் என்று இப்போதே பயப்படாதீர்கள் அம்மா. ஃப்ளாப்புக்கு ரத்தம் அதன் அடிப்பக்கத்திலிருந்து வருகிறது. நுனி என்பது கடைமடை வயல் மாதிரி. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அதுதான். கறுப்பு உலர்ந்து, ஓரம் தெளிவாக, அதே அளவில் நின்றுவிட்டால் சர்ஜன் பெரும்பாலும் காத்திருப்பார். உடனே வெட்டினால் பிழைக்கக்கூடிய தோலும் சேர்ந்து போகும். எல்லை முடிவாக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கலாம்.

கறுத்த தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது முக்கியம். எலும்பின் மேலுள்ள மெல்லிய சவ்வு உயிரோடு இருந்தால் அதிலிருந்து சிவப்புச் சதை வளரும். அது தானாக ஆறும், அல்லது மேலே ஒட்டுத்தோல் (சொந்த ரத்த ஓட்டம் இல்லாத மெல்லிய தோல்) வைக்கலாம். சவ்வும் இல்லாமல் வெற்று எலும்பு தெரிந்தால் விட்டுவைக்க முடியாது. காய்ந்த எலும்பில் தொற்று ஏறும், ஒட்டுத்தோலும் அங்கே பிடிக்காது.

தினமும் ஒரே வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கறுப்பு பரவினாலோ, ஈரமாகி நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே கூட்டிப்போங்கள். அடுத்த ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: நான் வார்டு நர்ஸ். தொடையிலிருந்து எடுத்துத் தலையில் வைத்த ஃப்ரீ ஃப்ளாப் கேஸ் எனக்கு முதல்முறை. இரவு டூட்டியில் எதைப் பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நான் நீளமாகவே பதில் சொல்லப்போகிறேன் சிஸ்டர். ஃப்ரீ ஃப்ளாப் என்றால் முழுசாகப் பிரித்தெடுத்து, அதன் ரத்தக்குழாயைத் தலைப்பக்கத்துக் குழாயோடு தைத்து வைப்பது. அது பிழைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

பெரிய தலைக்காயத்தை மைக்ராஸ்கோப்பில் குழாய் தைத்து மூடிய முறை 1972இல் வெளியானது. மெக்லீன், பங்கி என்ற இரண்டு சர்ஜன்கள் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புச் சவ்வை எடுத்துத் தலையில் வைத்தார்கள். அன்றைக்கும் இன்றைக்கும் பயம் ஒன்றுதான்: தைத்த இடத்தில் ரத்தம் உறைந்துவிடுமோ என்பது. அடைப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்துக்குள் வரும். அதனால் முதல் நாள் மணிக்கொரு முறை பாருங்கள்.

ரத்தம் உள்ளே வரவில்லை என்றால் ஃப்ளாப் வெளுத்து, சில்லென்று, தொய்ந்து கிடக்கும். விரலால் அழுத்திவிட்டால் நிறம் திரும்பாது. வந்த ரத்தம் வெளியே போகவில்லை என்றால் நீலம் பாரித்து உப்பும். அழுத்திவிட்டால் நிறம் வெடுக்கென்று திரும்பும், ஊசியால் குத்தினால் கருஞ்சிவப்பாக ரத்தம் வரும். இரண்டில் அதிகம் வருவது இரண்டாவதான வெயின் (ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்) அடைப்புதான். அதில் தொடக்கத்தில் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் கருவி) சத்தம் நன்றாகவே கேட்கும், அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். இயல்பிலேயே கறுப்பான தோலில் நிறமாற்றம் சீக்கிரம் தெரியாது. தொட்டுப் பாருங்கள், சூடும் விறைப்பும் சொல்லிவிடும். வெள்ளை டார்ச் வேண்டும், மஞ்சள் விளக்கு ஏமாற்றும்.

ஒருமுறை நள்ளிரவு தாண்டி ஒரு சிஸ்டர் கூப்பிட்டார். "டாக்டர், டாப்ளர் கேட்கிறது, ஆனால் கலர் எனக்குப் பிடிக்கவில்லை" என்றார். போய்ப் பார்த்தால் ஆக்சிஜன் மாஸ்க்கின் எலாஸ்டிக், காதுக்கு முன்னால், நாங்கள் குழாய் தைத்த இடத்தின் மேலேயே அழுந்திக் கிடந்தது. எடுத்துவிட்டோம். தோலில் பட்டையின் வரி பதிந்திருந்தது. அரை மணி நேரத்தில் நீலம் வடிந்தது. அன்றிலிருந்து தலைக் கேஸ்களில் நான் முதலில் பார்ப்பது மாஸ்க் பட்டை, கண்ணாடிக் காம்பு, கட்டின் இறுக்கம், தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பவற்றைத்தான். இதெல்லாம் சரியாக இருந்தும் நிறம் சரியாக இல்லையென்றால் உடனே கூப்பிடுங்கள். சீக்கிரம் திறந்து அடைப்பை எடுத்தால் காப்பாற்ற வழி இருக்கிறது. விடியட்டும் என்று விட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

கேள்வி: என் தம்பிக்கு ஃப்ளாப் நீலமாகிவிட்டது, அட்டை விடப்போகிறோம் என்கிறார்கள். இது என்ன வைத்தியம்?

சரியான வைத்தியம்தான். தேங்கிய ரத்தத்தை அட்டை உறிஞ்சி எடுக்கும், அது விழுந்த பிறகும் கடிவாயில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். ஓரத்தில் புது ரத்தக்குழாய்கள் திறக்கும்வரை, சில நாளைக்கு, ஃப்ளாப்பைத் தாங்கிப்பிடிக்கும் ஏற்பாடு இது. வெயினில் அறுவையால் சரிசெய்யக்கூடிய அடைப்பு இருந்தால் முதலில் ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் போக வேண்டும். மருத்துவத்துக்கென்றே வளர்க்கும் அட்டையைத்தான் பயன்படுத்துவார்கள். அதன் குடலில் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா இருப்பதால் ஆன்டிபயாட்டிக் கூடவே போகும், ஹீமோகுளோபினையும் அடிக்கடி பார்ப்பார்கள்.

கேள்வி: எம்.எஸ். படிக்கிறேன் சார். தலைத்தோலுக்கு ரத்த ஓட்டம் இவ்வளவு நன்றாக இருந்தும் ஃப்ளாப்பில் ஏன் சிக்கல் வருகிறது?

இழுவைதான் காரணம் தம்பி. தோலுக்கு அடியில் இருக்கும் கேலியா என்ற கெட்டியான சவ்வு நீளாது. முதுகில் எளிதாக மூடும் காயம் உச்சந்தலையில் மூடாது. சுமார் 3 செ.மீ.க்கு மேல் அகலம் இருந்தால் நேராக இழுத்துத் தைப்பதே சிரமம். பக்கத்துத் தோலை வளைவாக வெட்டித் திருப்பும் சுழற்சி ஃப்ளாப்பின் வளைவு காயத்தின் அகலத்தைப்போல நான்கு முதல் ஆறு மடங்கு இருக்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் சின்னதாக வரைந்துவிட்டு, கடைசியில் இழுத்துத் தைப்பார்கள். நுனி வெளுக்கும், தையல் பிரியும், முடியும் போகும். கேலியாவில் ஒரு செ.மீ. இடைவெளியில் கீறினால் கொஞ்சம் நெகிழும். ஆனால் ரத்தக்குழாய்கள் அதற்கு நேர் மேலேதான் ஓடுகின்றன. கத்தி ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் நீங்களே வாய்க்காலை வெட்டியதாகிவிடும்.

அப்புறம், ரத்தக்கட்டு. இந்த இடத்தில் ரத்தம் நிறையக் கொட்டும். ஃப்ளாப்புக்கு அடியில் தேங்கினால் அதை எலும்பிலிருந்து தூக்கி இறுக்கிவிடும். தேங்குவதை வெளியேற்றும் குழாயான ட்ரெயின் வையுங்கள். ஆனால் ரத்தம் நிற்கட்டும் என்று வெட்டிய ஓரமெல்லாம் காட்டரி வைத்துச் சுடாதீர்கள், முடிவேர் கருகிவிடும்.

கேள்வி: தழும்பைச் சுற்றி முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. எனக்கு வயது 26. திரும்ப வருமா?

அறுவையின் அதிர்ச்சியில் கொட்டும் முடி பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்தில் திரும்பி வரும். தழும்பு அகன்று போன இடத்தில் வேர் இல்லாததால் வராது. ஒரு வருடம் பொறுங்கள். அதற்குப் பிறகும் வழுக்கைக் கோடு தெரிந்தால் தழும்பை வெட்டித் தைக்கலாம், அல்லது அதில் முடி நடலாம். இந்த வயதில் கண்ணாடியைப் பார்க்கவே மனசு கனக்கும் என்று எனக்குத் தெரியும். இதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மண்டையோட்டில் டைட்டானியம் தகடு, மேலே ஃப்ளாப், பிறகு ரேடியேஷன். ஒரு வருடம் கழித்து இப்போது ஊசித்துளை அளவுக்கு ஓட்டை, லேசாகக் கசிகிறது. களிம்பு போடலாமா?

களிம்பு போட்டு மூடி வைக்காதீர்கள். ரேடியேஷன் பட்ட தோல் மெலிந்து, ஆறும் சக்தியை இழந்திருக்கும். அடியில் உலோகம் இருக்கும்போது ஊசித்துளையும் தொற்று உள்ளே போகும் வாசல்தான். பலருக்குத் தகட்டை எடுத்துச் சுத்தம் செய்து, புது ஃப்ளாப் வைக்க வேண்டிவரும். வருவது தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தால் மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். அதோடு தலைவலி, கழுத்து விறைப்பு, காய்ச்சல் சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: சிகரெட்டை எப்போது நிறுத்த வேண்டும்?

அறுவைக்கு நான்கு வாரம் முன்பு. பிறகும் காயம் ஆறும்வரை தொடக்கூடாது. நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும். மறைத்துப் பிடித்தால் நஷ்டம் ஃப்ளாப்புக்கு.

கேள்வி: தலையில் தொட்டால் மரத்துப்போயிருக்கிறது, நடுநடுவே ஊறுகிறது.

தோலை எடுக்கும்போது உணர்ச்சி நரம்புகளும் அறுபடுகின்றன. மெல்லத் திரும்பும், சில இடத்தில் முழுமையாகத் திரும்பாது. ஊறுவது பெரும்பாலும் நரம்பு துளிர்க்கும் அறிகுறி. மரத்த இடத்தில் சூடு தெரியாது, அதனால் ஹேர் டிரையர் வேண்டாம், வெயிலில் துணியோ தொப்பியோ இல்லாமல் போகாதீர்கள். தொப்பி தளர்வாக இருக்கட்டும்.

கேள்வி: ஃப்ளாப் திரும்பிய மூலையில் தோல் குமிழ் மாதிரி தூக்கிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கே ஏன் வெட்டிவிடவில்லை?

நல்ல சர்ஜன் அதை வேண்டுமென்றே விட்டிருப்பார். அந்த மூலை ஃப்ளாப்பின் அடிப்பக்கம், ரத்தம் உள்ளே நுழையும் வழி. அழகுக்காக அன்றைக்கே வெட்டினால் வழி குறுகி நுனி கறுத்திருக்கும். தலையில் அது பெரும்பாலும் சில மாதத்தில் தானாகவே அமுங்கிவிடும். அமுங்காவிட்டால் மரப்பு ஊசி போட்டுச் சரிசெய்யலாம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.